புதுச்சேரி முதல் வேளாங்கண்ணி வரை: வழி கேட்கப் போகிறவர்களுக்கு

வாழ்க்கையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், கடவுளிடமோ தூதரிடமோ குருவிடமோ வழி கேட்கப் புறப்படுகிறவர்களுக்கான ஆறு நாள் பயணக் குறிப்பு இது.

முதல் நாள்: புதுச்சேரி

துய்மா வீதியில் கடற்கரையை ஒட்டி நிற்கும் சம்மனசுகளின் (வானதூதர்களின்) இராக்கினி மாதா ஆலயத்தை ஊரில் கப்ஸ் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள். கப்புச்சின் துறவிகளின் கோயிலாக இருந்ததால் வந்த பெயர். இப்போதுள்ள கட்டடம் 1855-இல் எழுந்தது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் பூசை உண்டு. நேரத்தை வாசல் பலகையில் பார்த்துக்கொள்வது நல்லது.

வானதூதரிடம் வழி கேட்க வருகிறவர்கள் இங்கேயே ஒன்றைத் தெரிந்துகொண்டால் வழியில் பல செலவுகள் மிச்சம். கத்தோலிக்க மரபில் பெயர் சொல்லி அழைக்கப்படும் தூதர்கள் மூவரே: மிக்கேல், கபிரியேல், இரபேல். மூவருக்கும் திருநாள் செப்டம்பர் 29. காவல் தூதர்களுக்கு அக்டோபர் 2. இந்த மூன்று பெயர்களைத் தவிர வேறு பெயர்களைத் தூதர்களுக்குச் சூட்ட வேண்டாம் என்று, மக்கள் பக்தி முயற்சிகள் குறித்து வத்திக்கான் 2001-இல் வெளியிட்ட ஏடு சொல்கிறது. சீட்டுக்கட்டை விரித்து "உங்கள் தூதரின் பெயர் இது" என்று சொல்பவர் எங்கிருந்தும் சொல்லலாம், இந்தக் கோயிலின் மரபிலிருந்து சொல்லவில்லை.

காவல் சம்மனசை நோக்கிய செபம் சின்னது. காலையில் எழுந்ததும் இரவு படுக்கும் முன்பும் சொல்வார்கள். ஒளி தர, காக்க, நடத்த, ஆள என நான்கு வேண்டுதல்கள் அதில் உண்டு. "இந்த வேலையில் சேரலாமா, வேண்டாமா" என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. நடக்கும்போது கூட வரச் சொல்கிறோம், அவ்வளவுதான். கபிரியேல் மரியாளிடம் வந்து சொன்னதை நினைக்கும் மூவேளை செபத்துக்குக் காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று மணி அடிப்பது பழைய வழக்கம். மாலை மணிக்குக் கோயிலுக்குள் இருக்கும்படி போனால் வெயிலும் தணிந்திருக்கும்.

கோயிலுக்கு எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். மிக்கேல் தூதர், புனிதர்களான கத்தரீன், மார்கரீத் ஆகிய மூவரின் குரலும் கேட்டதாகச் சொன்ன பெண் அவர். ரூவான் நகரில் நடந்த விசாரணையில், மிக்கேலுக்கு உடை இருந்ததா, தலைமுடி இருந்ததா என்று கூட நீதிபதிகள் துருவினார்கள். 1431-இல் எரித்தார்கள். 1456-இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார்கள். 1920-இல் புனிதர் பட்டம். ஒரே திருச்சபைக்கு அந்தப் பெண்ணை ஏற்க ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. காதில் விழுந்த எதையும் உடனே தூதர் வாக்கு என்று நம்ப வேண்டிய அவசரம் நமக்கு மட்டும் ஏன்?

அங்கிருந்து நடந்தே அரவிந்தர் ஆசிரமம் போய்விடலாம். வங்காளத்துச் சந்திரநகருக்கும் பிறகு புதுச்சேரிக்கும் போகச் சொல்லி உள்ளிருந்து ஆணை வந்ததாக அரவிந்தரே எழுதியிருக்கிறார். 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து இறங்கினார். முற்றத்து மரத்தடியில் அவருடைய சமாதி, 1973-க்குப் பின், ஆசிரமத்தை நடத்திவந்த அன்னையுடையதும் அதிலேயே. செருப்பை வெளியே விட்டு, கைபேசியை அணைத்துவிட்டுப் போக வேண்டும். பேச்சு கூடாது. கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அன்னைக்குப் பிறகு ஆசிரமத்தில் குரு பீடம் என்று யாரும் அமரவில்லை. தீட்சை கொடுப்பதும் இல்லை. "ஆசிரமத்து குருஜியிடம் அழைத்துப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடலாம். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களில் வரிசை நீளம். சும்மா உட்கார வேண்டும் என்றால் அந்த நாட்களைத் தவிர்க்கவும்.

இரண்டாம் நாள்: சீர்காழி, திருவெண்காடு

கடலூர், சிதம்பரம் வழியாகச் சீர்காழிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் நடை சாத்தும் முன் சட்டைநாதர் கோயிலைப் பார்த்துவிடலாம். சம்பந்தர் மூன்று வயதில் பால் குடித்துப் பாடிய குளக்கரை இது. சித்திரையில் திருமுலைப்பால் விழா.

இன்றைய பகுதியின் விஷயம் கயிறு சாத்திப் பார்ப்பது. சைவர்களிடம் வழி கேட்கும் முறைகளில் இதைவிடச் சுத்தமான ஒன்று இல்லை. நடுவில் ஆள் கிடையாது, கட்டணம் கிடையாது. தேவார ஏட்டுக்கட்டைப் பூசையில் வைத்து, ஏடுகளுக்கு நடுவே கயிற்றைச் செருகி, அது நிற்கும் இடத்தில் பிரிப்பார்கள். அங்கே வரும் பாடலே விடை.

மிகவும் பேசப்படும் எடுத்துக்காட்டு பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருடையது. பிள்ளை இல்லாத அவருக்காகக் குருவான சகலாகம பண்டிதர் கயிறு சாத்தினார். வந்தது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில், முக்குள நீரில் தோய்ந்தவர் பிள்ளையும் நினைத்த வரமும் பெறுவர், "ஐயுற வேண்டா ஒன்றும்" என்று வரும் பாட்டு. களப்பாளரும் மனைவியும் திருவெண்காட்டுக்கே போய்த் தங்கி வழிபட்டார்கள். பிறந்த பிள்ளைதான் பின்னாளில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் தந்த மெய்கண்டார். கயிறு சாத்திய அதே பண்டிதர், பிறகு அந்தப் பிள்ளையிடமே சீடராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார். வழி சொன்னவர் அந்த வழியில் பிறந்தவரிடம் பாடம் கேட்டார் என்பது சைவ வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம்.

வீட்டில் அச்சுப் புத்தகத்தை வைத்தே செய்யலாம். குளித்துத் திருநீறு பூசி, விளக்கேற்றி, மூடிய புத்தகத்தை மனைப்பலகையில் வைக்கவும். கேள்வி ஒன்றுதான், அதையும் ஒரே வாக்கியத்தில் காகிதத்தில் எழுதிவிடுங்கள். வலப்பக்கத்து முதல் பாட்டா, இடப்பக்கத்துப் பாட்டா என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் பிடித்த பாட்டை நோக்கிக் கண் தானாகப் போகும். கண்ணை மூடி நூலைத் தாள்களுக்கு நடுவே விட்டு இழுத்துப் பிரியுங்கள். வெறுமனே புத்தகத்தை விரித்தால் போதாதா என்றால், போதாது. அடிக்கடி படித்த புத்தகத்துக்குத் தையல் தளர்ந்திருக்கும், பழகிய பக்கத்திலேயே திறந்துகொள்ளும். நூல் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் உடைக்கிறது. வந்த பாட்டோடு நிறுத்தாமல் அந்தப் பதிகம் முழுவதும் படிக்க வேண்டும். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் எதற்கும் "ஆம்" என்று பொருள் சொல்லிவிடலாம்.

மறுபடி சாத்தக் கூடாது. விடை பிடிக்கவில்லை என்று மூன்றாவது முறை சாத்துகிறவர் கேள்வி கேட்கவில்லை, பேரம் பேசுகிறார்.

மாலையில் திருவெண்காடு. சீர்காழியிலிருந்து பூம்புகார் பக்கம் போகும் பேருந்துகளில் கேட்டு ஏறுங்கள். அக்கினி, சூரியன், சந்திரன் என மூன்று குளங்களும் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. மூன்றிலும் மூழ்குவதென்றால் மாற்றுத் துணி ஒரு செட் போதும், ஈரத்தோடு அடுத்த குளத்துக்குப் போவதே வழக்கம். பாசிப்படி வழுக்கும், முதியவர்கள் தலையில் நீரைத் தெளித்துக்கொள்ளட்டும். புதன் தலம் என்பதால் புதன்கிழமை கூட்டம் அதிகம்.

மூன்றாம் நாள்: வைத்தீஸ்வரன்கோயில்

ரயிலடியிலோ பேருந்து நிறுத்தத்திலோ இறங்கியதுமே "நாடி பார்க்கணுமா சார்?" என்று குரல் வரும். கோயிலுக்கும் நாடி சோதிட நிலையங்களுக்கும் நிர்வாகத் தொடர்பு எதுவும் இல்லை. கோயில் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது. நாடி தனியார் தொழில்.

அகத்தியர் முதலிய முனிவர்கள் நமக்காக முன்பே எழுதிவைத்த ஏடு என்பது அங்கே சொல்லப்படும் நம்பிக்கை. நடைமுறை இப்படி: ஆணுக்கு வலக்கைக் கட்டைவிரல் ரேகை, பெண்ணுக்கு இடக்கை. ரேகை வகையை வைத்து ஏட்டுக்கட்டுகளை எடுத்துவருவார்கள். பிறகு ஏடு தேடல். "அப்பா பெயர் நாலெழுத்தா?" "கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேருக்கு மேலா?" "தாய் உயிரோடு இருக்கிறாரா?" ஆம், இல்லை என்று மட்டும் சொல்லச் சொல்வார்கள். இல்லை என்றால் அந்த ஏட்டைத் தள்ளி அடுத்ததை எடுப்பார்கள். கடைசியில் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த கிழமை எல்லாம் பொருந்தும் ஏடு "கிடைத்துவிடும்". அதைச் செய்யுளாக வாசித்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தருவார்கள்.

ஒரு கணக்கு. ஆம்/இல்லை கேள்வி ஒவ்வொன்றும் வாய்ப்புகளைப் பாதியாக வெட்டக்கூடியது. பத்துக் கேள்வியில் 1,024 பேரில் ஒருவரைப் பிரித்துவிடலாம், இருபதில் பத்து லட்சத்துக்கு மேல். அமர்வில் கேட்கப்படுவது இருபதைத் தாண்டும். ஏட்டில் இருந்ததா, நாம் சொன்னதிலிருந்து வந்ததா என்பது தேடல் நடக்கும்போது கவனித்தால்தான் தெரியும், வாசிப்பில் தெரியாது. அழுதுகொண்டே கேட்பவர் பெரும்பாலும் வாசிப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார், தேடலை மறந்துவிடுகிறார்.

போயே தீருவேன் என்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போது முழுப்பெயர், பிறந்த தேதி கொடுக்காதீர்கள். கூட வருபவர் வெளியே காத்திருக்கட்டும், அவர் வராந்தாவில் யாரிடமும் குடும்பக் கதை பேச வேண்டாம். ஆம், இல்லை தவிர ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். "இல்லை, அவர் போன வருஷம் தவறிட்டார்" என்று இழுத்துச் சொல்லும் இடத்தில்தான் எல்லாம் போகிறது. தேடலையும் சேர்த்துப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். ஏடு கிடைத்ததும் உங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லி எழுத்துக்கூட்டிப் பாருங்கள். எழுத்து பழைய வடிவம்தான், ஆனாலும் பெயரின் இரண்டு மூன்று எழுத்துகளையாவது அடையாளம் காட்ட முடிய வேண்டும்.

கட்டணம் காண்டத்துக்குக் காண்டம் (பகுதிக்குப் பகுதி) தனி. முதல் காண்டம் பொதுப்பலன். ஏழாவது திருமணம், பத்தாவது தொழில். பதின்மூன்றாவதான சாந்தி காண்டம்தான் செலவு தொடங்கும் இடம். முன்பிறப்பு வினை, அதற்குப் பரிகாரம், பரிகாரத்துக்குக் கோயில் பட்டியல், "உங்களால் அலைய முடியாது, நாங்களே செய்துவிடுகிறோம்" என்று ஒரு தொகை. அன்றே எதற்கும் பணம் கட்ட வேண்டாம். பட்டியலில் இருக்கும் கோயிலுக்கு நீங்களே போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் எவ்வளவு செலவாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

கோயிலுக்குள் கேட்கும் முறை வேறு. பூ கட்டிப் பார்ப்பது. வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி என எண்ணி ஒரே அளவு பூ. ஒரே மாதிரி வெட்டிய இரண்டு காகிதத் துண்டுகள், ஒரே மாதிரி மடிப்பு. எது ஆம், எது வேண்டாம் என்பதைக் கட்டும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சந்நிதியில் வைத்துக் கும்பிட்டபின், விஷயம் தெரியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பொட்டலம் கட்டியவரே எடுப்பதுதான் பொதுவான பிழை. அரளி கொஞ்சம் புடைத்து நிற்கும், விரல் கண்டுபிடித்துவிடும். செவ்வாய்க்கிழமை இங்கே அங்காரகன் சந்நிதியில் நிற்கவே இடமிருக்காது, வேறு நாளில் வந்து குருக்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நான்காம் நாள்: காரைக்கால், நாகூர்

காரைக்காலில் அம்மையார் கோயில். அறுபத்துமூவர் வரிசையில் உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் இவர் ஒருவரே. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. மற்ற நாட்களில் அரைமணி நேரம் போதும்.

நாகூருக்கு வியாழன் மாலை போய்ச் சேரும்படி திட்டமிட்டால் தர்கா முழு உயிரோடு இருக்கும். அங்கே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது நாயகத்தை ஊரார் எஜமான் என்பார்கள், வெளியூர்க்காரர்களுக்கு நாகூர் ஆண்டவர். ஐந்து மனோராக்களில் (கோபுரங்களில்) உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. ஆண்டு விழாவான கந்தூரி, இஸ்லாமிய மாதமான ஜமாதுல் ஆகிர் முதல் பிறையில் கொடியேற்றத்தோடு தொடங்கும். பத்தாம் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வரும். சந்திர மாதக் கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். போன வருடத் தேதியை வைத்து விடுதி எடுத்துவிடாதீர்கள்.

மொட்டை போட்டுக் குளத்தில் குளித்து, சர்க்கரை வைத்து பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதச் சொல்வது எல்லா மதத்தவரும் செய்வது. கை, கால், கண், வீடு, படகு என்று உருவம் அடித்த தகடுகள் வாசல் கடைகளில் கிடைக்கும். எதற்காக வேண்டினோமோ அந்த உருவம். உள்ளே ஓதிக்கொடுப்பவருக்குக் கொடுக்கும் காணிக்கை உங்கள் விருப்பம். தொகை சொல்லிக் கேட்டால் "முடிந்தது இவ்வளவுதான்" என்று அமைதியாகச் சொல்லலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

தர்காவில் கேட்பது பற்றி முஸ்லிம்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் உண்டு. வலியுல்லாவின் (இறைநேசரின்) பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்கிறோம் என்பது ஒரு பக்கம். அடக்கத்தலத்தில் போய்க் கேட்பதே கூடாது என்பது இன்னொரு பக்கம். இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் முறை இஸ்திகாரா, அதாவது நல்லதைத் தேர்ந்து தரும்படி இறைவனிடம் கேட்கும் தொழுகை. வழி கேட்க வருகிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

செய்வது இவ்வளவே: உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்து, கடமையான தொழுகை அல்லாத இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) நஃபில் தொழுது, பிறகு இஸ்திகாரா துஆவை (வேண்டுதலை) ஓத வேண்டும். துஆவில் "இந்தக் காரியம்" என்று வரும் இடத்தில் உங்கள் காரியத்தை நினைக்கவோ சொல்லவோ வேண்டும். நல்லதென்றால் எனக்கு அதை எளிதாக்கு, கெட்டதென்றால் அதை என்னிடமிருந்தும் என்னை அதனிடமிருந்தும் திருப்பிவிடு, நல்லது எங்கிருந்தாலும் அதை எனக்கு ஏற்படுத்தி அதில் திருப்தி கொடு என்பது அதன் சாரம். சூரியன் உதிக்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் மறையும்போதும் தொழக் கூடாது. இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பின் என்றால் சிக்கலே இல்லை.

பிழைகள் இரண்டு. கனவு வரும் என்று காத்திருப்பது முதலாவது. புகாரியின் தொகுப்பில், நபித்தோழர் ஜாபிர் அவர்கள் வழியாக வரும் ஹதீஸில் (நபிமொழியில்) கனவு பற்றிப் பேச்சே இல்லை. தொழுதபின் காரியத்தில் இறங்க வேண்டும், கதவு திறக்கிறதா மூடுகிறதா என்பதே விடை. பச்சை நிறம் கண்டால் சரி, கறுப்பு கண்டால் தப்பு என்பதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. காசு கொடுத்து வேறொருவரை இஸ்திகாரா செய்யச் சொல்வது இரண்டாவது. துஆ முழுக்க "என் மார்க்கத்தில், என் வாழ்வில், என் முடிவில்" என்று தன்மையில் ஓடுகிறது. ஊரான் வாயால் அதைச் சொல்லவைத்துப் பயன் என்ன? சைவக் கயிறுபோல ஒரே தடவை என்ற கண்டிப்பு இங்கே இல்லை. மனம் நிலைப்படாவிட்டால் திரும்பவும் தொழலாம் என்பதே ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலரின் கருத்து.

மலக்குகளை, அதாவது வானதூதர்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நபிமார்களுக்கு வஹீ (இறைச்செய்தி) கொண்டுவந்தவர் ஜிப்ரீல். அந்த வஹீ இறுதி நபியோடு முடிந்தது. நம் ஒவ்வொருவரோடும் இருப்பதாகச் சொல்லப்படும் கிராமன் காத்திபீன் என்னும் மலக்குகள் நாம் செய்வதை எழுதுகிறவர்கள், ஆலோசனை சொல்பவர்கள் அல்லர்.

ஐந்தாம் நாள்: நாகப்பட்டினம், வடக்குப் பொய்கைநல்லூர்

நாகையில் சூடாமணி என்ற பௌத்த விகாரம் இருந்த இடத்தைத் தேடி அலைய வேண்டாம். கண்ணுக்கு எதுவும் மிச்சமில்லை. ஸ்ரீவிஜய மன்னன் எழுப்ப, ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை அதற்குக் கொடுத்தான். செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. கடைசியாக நின்ற செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்தார்கள். மண்ணிலிருந்து எடுத்த புத்தர் செப்புத் திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தனக்குப்பின் வழிகாட்டி என்று யாரையும் நியமிக்காமல் போன ஆசிரியரான புத்தரின் இடம், வழி கேட்பவர்கள் பயணத்தில் வெற்றிடமாக இருப்பது பொருத்தம்தான்.

நாகையிலிருந்து வேளாங்கண்ணி போகும் வழியில் பிரிந்தால் வடக்குப் பொய்கைநல்லூர். கோரக்கர் சித்தரின் ஜீவசமாதி. மச்சமுனி கொடுத்த திருநீற்றை நம்பாமல் ஒரு பெண் அடுப்பில் போட, பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தச் சாம்பலிலிருந்து எழுந்து வந்தவர் என்பது கதை. பௌர்ணமிதோறும் கூட்டம், ஐப்பசிப் பரணியில் பெருவிழா. தனியாக உட்கார வேண்டுமென்றால் பௌர்ணமி தவிர்த்த காலை நேரம்.

சித்தர் சமாதிகளில் கேள்வியைச் சொல்லி விடை வாங்கும் சடங்கு எதுவும் கிடையாது. விளக்கேற்றி, வலம் வந்து, உட்கார்வதுதான். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் கால் மரத்துப்போவதிலும் கொசுவிலும் போய்விடும், அதனால் ஐந்து நிமிடத்தில் எழுந்தால் உட்கார்ந்ததற்குக் கணக்கே இல்லை. வெறும் வயிற்றில் பயணக் களைப்போடு உட்கார்ந்தால் தலை கிறுகிறுக்கும், அதை அதிர்வலை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஆறாம் நாள்: வேளாங்கண்ணி

நாகையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். 1962-இல் பசிலிக்கா ஆன கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. பால் கொண்டுபோன சிறுவனுக்குக் காட்சி கிடைத்த இடம் மாதா குளம். மோர் விற்ற நடக்க முடியாத பையனுக்குக் காட்சி கிடைத்தது நடுத்திட்டு. புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் கடற்கரையில் கட்டியது மூன்றாவது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் புரியும். திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை.

முழந்தாளில் போகும் நேர்த்திக்கடனுக்கு மணல் பாதை உண்டு. விடிவதற்குள் தொடங்கிவிடுங்கள், பத்து மணிக்கு மணல் சுடும். முட்டிவலி உள்ளவர்கள் கொஞ்ச தூரம் முழந்தாளிலும் மீதியை நடந்தும் போகலாம். தென்னங்கன்று காணிக்கைக்குக் கடைத்தெருவில் கிடைக்கும். ஆனால் இவையெல்லாம் நன்றி சொல்லவும் வேண்டிக்கொள்ளவும் ஆன முறைகள். வழி கேட்கிறவர் போக வேண்டியது குருவானவரிடம்.

பாவசங்கீர்த்தனத் (பாவ அறிக்கை கேட்கும்) தொட்டியில் நின்று வாழ்க்கைக் கேள்வி கேட்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கும். அலுவலகத்தில் போய் "சாமியாரைப் பார்த்துப் பேச வேண்டும், ஆலோசனைக்கு" என்று சொல்லி நேரம் கேளுங்கள். கத்தோலிக்கர் அல்லாதவர் அதை முதலிலேயே சொல்லிவிடலாம். பேசத் தடையில்லை, நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கத்தான் கூடாது. கேள்வியை எழுதி எடுத்துப் போனால் பத்து நிமிடத்தில் விஷயத்துக்கு வந்துவிடலாம். திருவிழா நாட்களில் இது நடக்கிற காரியம் அல்ல. பிப்ரவரி, ஜூலை மாதிரி மாதங்களில் வார நாளாகப் பார்த்து வாருங்கள்.

"செய், செய்யாதே" என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். தேர்ந்து தெளிவதற்கு இயேசு சபையின் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் வகுத்த விதிகளில் ஒன்றைச் சொல்லக் கூடும்: மனம் இருண்டு கிடக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. கணவரோடு சண்டை போட்ட மறுநாள் வண்டி ஏறி வந்து கேட்பவர்களுக்கு இந்த ஒன்று மிகவும் பயன்படும். விடுதி வராந்தாவில் தலையில் கை வைத்து "ஆண்டவர் எனக்கு உன்னைக் காட்டினார்" என்று தொடங்குபவர்களுக்கும் ஆலயத்துக்கும் தொடர்பு இல்லை. அவர்களும் ஊர், பெயர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுத்தான் தொடங்குவார்கள், மூன்றாம் நாள் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு வேளாங்கண்ணியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, 2010-இல் வந்த பாதை. வண்டிகள் குறைவு. ரயில் அமையாவிட்டால் நாகைக்கு வந்து திருவாரூர், தஞ்சாவூர்ப் பேருந்து பிடிப்பது சுலபம். ஞாயிறு மாலை வெளியூர்ப் பேருந்துகளில் இடம் கிடைக்காது, சனி காலையோ திங்கள் காலையோ கிளம்புங்கள்.